ஆயத்த வீட்டின் அஸ்திவாரம் இரண்டு நாள் வேலை அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

தொழிற்சாலையில் தயாராகி லாரியில் வந்து இறங்கும் மாடுலர் வீடுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை சுவர், கூரை, வெப்பத்தடுப்பு, போக்குவரத்து என்று ஒவ்வொன்றையும் விரிவாகப் பேசியது. அஸ்திவாரத்துக்கு மட்டும் ஒரே வரி ஒதுக்கியிருந்தது: சில கான்கிரீட் கால்கள் போட்டால் போதும், இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று. அந்த வரியை நம்பி வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சில விவரங்கள் தேவைப்படும்.

செங்கல் கட்டடத்தில் ஃபூட்டிங், அதாவது எடையை மண்ணில் பரப்பும் அகலமான அடிக்கான்கிரீட், 20 மி.மீ. தள்ளிப்போனாலும் கொத்தனார் அடுத்த வரிசையில் கலவையைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டிவிடுவார். ஆயத்த வீட்டில் அந்த வசதி இல்லை. வீட்டின் ஆயத்தப் பகுதியான பெட்டியின் அடிச்சட்டமும் அதிலுள்ள போல்ட் துளைகளும் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டவை. ஒரு பெட்டி 10 முதல் 20 டன் எடையோடு கிரேனில் தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், கீழே ஒருவர் டேப்பை வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது. ஆகவே இந்த வேலையில் கான்கிரீட் ஊற்றும் நேரத்தைவிட ஊற்றுவதற்கு முன் சரிபார்க்கும் நேரம்தான் அதிகம். அப்படி இல்லையென்றால் எங்கோ எதையோ விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

முதலில் கையில் இருக்க வேண்டியது தயாரிப்பாளர் தரும் அஸ்திவார வரைபடம். விளம்பரத்தில் போடும் அறைப் படத்தை வைத்து ஃபூட்டிங் போட முடியாது. ஒவ்வொரு தாங்கு புள்ளியிலும் எத்தனை டன் இறங்குகிறது, காற்று எத்தனை டன் மேலே இழுக்கும், போல்ட்டின் விட்டம், துளைகளின் இடம், குழாய்கள் தரையைத் துளைத்து இறங்கும் இடம் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். அளவுகள் ஒரே மூலையிலிருந்து 0, 3,000, 6,000, 9,000, 12,000 என்று தொடர்ந்து குறிக்கப்பட்டிருப்பது நல்லது. ஒவ்வொரு இடைவெளியையும் தனித்தனியாக 3,000, 3,000 என்று அளந்து போனால், ஒவ்வொன்றிலும் 3 மி.மீ. பிசகினாலும் கடைசிக் காலில் அது 12 மி.மீ. ஆகி நிற்கும்.

எடைக்கணக்குதான் பலரும் தாண்டிப்போகிற இடம். ஓர் எடுத்துக்காட்டு: 12 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் அகலத்தில் இரண்டு பெட்டிகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து 12 × 7.2 மீட்டர் வீடாகின்றன. நீளவாக்கில் 3 மீட்டருக்கு ஒரு கால், அதாவது ஒரு ஃபூட்டிங்கும் அதன்மேல் ஒரு குட்டைத் தூணும். இருபுற வெளி வரிசைகள், பெட்டிகள் சேரும் நடு வரிசை என மூன்று வரிசை, மொத்தம் 15 கால்கள். வீட்டின் சொந்த எடை, ஆட்கள், சாமான், கூரை எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வெளி வரிசையில் ஒரு கால் தாங்கும் பரப்பு 3 × 1.8 = 5.4 சதுர மீட்டர், அதாவது 3.2 டன். நடு வரிசைக் கால் இரண்டு பக்கத்துப் பெட்டிகளையும் தாங்குவதால் அதன் பரப்பு 10.8 சதுர மீட்டர், எடை 6.5 டன். சரியாக இரண்டு மடங்கு.

மண் சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கும் என்றால் வெளி வரிசைக்கு 700 மி.மீ. சதுர ஃபூட்டிங் போதும். நடு வரிசைக்கு 900 மி.மீ. வேண்டும், கான்கிரீட்டின் எடையையும் மேலே நிரப்பும் மண்ணையும் சேர்த்தால் அதுவே ஏறத்தாழ 9.7 டன் அழுத்தம் தரும், எல்லையைத் தொட்டுவிடும். 'ஒரே அளவாகப் போட்டால் வேலை சுலபம்' என்று 15 குழிகளையும் 700 மி.மீ.-ஆகத் தோண்டினால் நடு வரிசையின் கீழ் அழுத்தம் 15 டன்னைத் தொடும். அப்போது வீடு விழுந்துவிடாது. நடு வரிசை மட்டும் மெல்ல இறங்கும். இரண்டு பெட்டிகள் சேரும் கோட்டில் கூரைப்பலகை பிளக்கும், அந்தக் கோட்டில் உள்ள கதவு இறுகும், கூரை இணைப்பில் மழைநீர் நுழையும். குற்றம் பெட்டி செய்தவர் மேல் விழும். நடுவில் பெரிய திறந்த கூடம் வைத்த வீடுகளில் இது இன்னும் கடுமை. கூடத்தின் மேலுள்ள உத்திரம் தன் எடை முழுவதையும் இரு முனையிலும் உள்ள கம்பங்களில் கொண்டுபோய் இறக்குகிறது. அந்த இரண்டு இடங்களுக்கும் தனிக்கணக்கு, தனி அளவு வேண்டும்.

மண் 10 டன் தாங்குமா என்பதை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். 12 மி.மீ. கம்பியைக் குத்திப் பார்ப்பது ஒரு குழியின் அடி மற்ற குழிகளைவிட இளகலாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உதவும், அவ்வளவுதான். நிரப்பிய மண்மேல் ஃபூட்டிங் வைக்கக் கூடாது. மூடிய கிணறு, பழைய கழிவுநீர்க் குழி, வெட்டிய மரத்தின் வேர்க்குழி ஆகியவற்றின் மேலும் கூடாது. ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் களிமண் என்றால் ஈரம் மாறாத ஆழத்துக்குப் போக வேண்டும் அல்லது மண்ணில் ஆழமாக இறங்கும் தூணான பைல் போட வேண்டும். ஆயத்த வீடு எடை குறைந்தது என்பதால் அங்கே பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள், உண்மை நேர்மாறு. உப்பும் மண் எடை குறைந்த வீட்டைத்தான் எளிதாகத் தூக்கும். உறைபனி இறங்கும் நாடுகளில் ஃபூட்டிங்கின் அடி உறையும் ஆழத்துக்குக் கீழே இருப்பது கட்டாயம்.

குறியிடும்போது மூலைமட்டப் பலகையை மட்டும் நம்ப வேண்டாம். 12 × 7.2 மீட்டர் செவ்வகத்தின் மூலைவிட்டம் 13.994 மீட்டர். இரண்டு மூலைவிட்டங்களையும் ஒரே டேப்பில், ஒரே இழுப்பில், தொய்வில்லாமல் அளந்து ஒப்பிட வேண்டும். எதிரே உள்ள நீளப்பக்கம் நீளவாக்கில் 10 மி.மீ. நழுவியிருந்தால் மூலைவிட்டங்களில் 17 மி.மீ. வித்தியாசம் காட்டிக்கொடுக்கும், பிசகைப் பெரிதாக்கிக் காட்டுவதால்தான் இந்தச் சோதனை நல்லது. 5 மி.மீ.-க்குள் வரும்வரை முளைகளை நகர்த்துங்கள். நூல் கட்டும் முளைகள் குழியின் விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். குழி தோண்டும் இயந்திரம் முதலில் தட்டிவிடுவது அவற்றைத்தான். உயரத்துக்கு அசையாத ஓர் இடத்தில் மூலப்புள்ளி வைத்து, மட்டம் பார்க்கும் கருவியான ஆட்டோ லெவலில் எடுக்க வேண்டும். நீர் நிரப்பிய குழாயான டியூப் லெவலும் போதுமானதுதான், ஆனால் குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் எல்லா அளவும் பொய்.

குழி தோண்டும்போது கடைசி 150 மி.மீ.-ஐ ஆட்கள் கையால் எடுக்கட்டும். இயந்திரத்தின் பல் கிளறிய மண் பார்க்கத் தட்டையாக இருந்தாலும் அதன் தாங்குதிறன் போய்விடும். கூடுதலாகத் தோண்டிவிட்டால் அந்த ஆழத்தை மண்ணால் நிரப்பக் கூடாது, பி.சி.சி.-யால், அதாவது கம்பியில்லாத வெறும் கான்கிரீட்டால், நிரப்ப வேண்டும். அடியைத் திமிசு போட்டு இறுக்கிய அன்றே 75 மி.மீ. பி.சி.சி. போட்டு மூடிவிடுவது நல்லது. இரவில் மழை பெய்து அடி சேறானால் அந்தச் சேற்றை முழுவதும் வழித்தெடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும். ஃபூட்டிங்கைவிடப் பக்கத்துக்கு 100 மி.மீ. அகலமாகப் போட்டால் கான்கிரீட்டுக்கு அச்சாகும் ஷட்டரிங் பலகை நிற்க இடம் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டுக்கு பி.சி.சி. மட்டும் ஏறத்தாழ ஒரு கன மீட்டர்.

கம்பி: அடியில் இரு திசையிலும் 150 மி.மீ. இடைவெளியில் 12 மி.மீ. கம்பி வலை; 300 மி.மீ. சதுரத் தூணுக்கு மூலைக்கு ஒன்றாக 12 மி.மீ. கம்பி, அவற்றைச் சுற்றி 8 மி.மீ. ரிங் 150 மி.மீ.-க்கு ஒன்று. இறுதி அளவைப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். வலையைத் தூக்கி நிறுத்த அதன் கீழே 50 மி.மீ. கவர் பிளாக், அதுவும் கான்கிரீட்டில் வார்த்தது. உடைந்த செங்கல் துண்டைச் செருகுவது பழக்கமாகவே ஆகிவிட்டது. செங்கல் நீரை உறிஞ்சும். அந்தத் துண்டு வழியாகவே ஈரம் கம்பியைத் தொட்டுத் துருவேற்றும்.

இனி ஆங்கர் போல்ட், அதாவது பெட்டியைப் பிணைக்கக் கான்கிரீட்டில் பதிக்கும் போல்ட். ஆயத்த வீட்டின் அஸ்திவாரத்தில் அதிகம் கெடுவது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கான்கிரீட் ஊற்றி முடித்தபின், இளகலாக இருக்கும்போதே போல்ட்டைக் கையால் குத்தி நிறுத்துவது வழக்கமாக நடக்கிறது. அப்படிக் குத்திய போல்ட் சாயும், அதைச் சுற்றி ஜல்லி விலகி வெறும் சிமெண்ட் பால் மட்டும் நிற்கும், பிடிமானம் இருக்காது. சரியான முறை, 12 மி.மீ. பிளைவுட்டில் தயாரிப்பாளரின் அடித்தகடான பேஸ் பிளேட்டைப் போலவே துளையிட்ட அச்சுப்பலகை ஒன்றைத் தூணின் ஷட்டரிங் மேல் ஆணியடித்து நிறுத்துவது. ஒவ்வொரு போல்ட்டையும் பலகைக்கு மேலும் கீழும் நட் போட்டு முறுக்கிவிட்டால் அது ஏறாது, இறங்காது, சாயாது. பலகையின் நடுவில் கை நுழையும் அளவு ஓர் ஓட்டை விடுங்கள்; கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி அதன் வழியாகத்தான் இறங்கும். பலகையின் இரு திசை நடுக்கோடுகளையும் பென்சிலால் வரைந்து, மேலே கட்டிய நூலிலிருந்து தூக்குகுண்டு இறக்கினால் குண்டின் முனை அந்தக் கோடுகள் வெட்டும் புள்ளியில் நிற்க வேண்டும். மரையைச் சுற்றி கிரீஸ் தடவி டேப் சுற்றிவிடுவது ஐந்து நிமிட வேலை. செய்யாவிட்டால் மரைக்குள் இறுகிய சிமெண்டைக் கம்பிபிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்க நேரும். ஒரே தூணிலுள்ள போல்ட்டுகளுக்குள் 3 மி.மீ., தூணுக்குத் தூண் 6 மி.மீ. இதற்கு மேல் பிசகு இருந்தால் துளையை அகலப்படுத்த வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் தயாரிப்பாளர் உத்தரவாதத்திலிருந்து கைகழுவ வழி கிடைத்துவிடும்.

அந்த போல்ட்டுகள் வெறும் அடையாளக் குச்சிகள் அல்ல. காற்று வீட்டைத் தூக்கும்போது அவைதான் ஃபூட்டிங்கோடு வீட்டைக் கட்டிப்போடுகின்றன. 700 மி.மீ. சதுரம், 300 மி.மீ. கனத்தில் ஃபூட்டிங், அதன்மேல் 900 மி.மீ. தூண், அதில் பாதி தரைக்குக் கீழே என்றால் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 550 கிலோ. ஃபூட்டிங் மேல் உட்காரும் மண் இன்னொரு 300 கிலோ. புயல் அடிக்கும் இடத்தில் வரைபடம் கேட்கும் எண் இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். அப்போது எடையைத் தாங்க 700 மி.மீ. போதும் என்றாலும் இழுப்பைச் சமாளிக்க ஃபூட்டிங்கைப் பெரிதாக்கத்தான் வேண்டும். இறுக்காமல் கொட்டிய மண்ணை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

கான்கிரீட்டின் அளவு: 900 மி.மீ. ஃபூட்டிங் ஐந்து, 700 மி.மீ. ஃபூட்டிங் பத்து, 15 தூண்கள். எல்லாம் சேர்த்து 3.9 கன மீட்டர், சேதாரத்தோடு 4.2. தளத்திலேயே சிமெண்ட், மணல், ஜல்லியை 1:1.5:3 விகிதத்தில் கலந்தால் கன மீட்டருக்கு 8 மூட்டை வீதம் 34 மூட்டை சிமெண்ட். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. ஆனால் அந்த 25-இல் மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் அடக்கம் என்பதை மிக்சர் ஓட்டுபவர் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஒரு மூட்டைக்குச் சேரும் மணல் ஏறத்தாழ 80 கிலோ. அதில் 5 சதவீத ஈரம் இருந்தால் 4 லிட்டர் தண்ணீர் கேட்காமலே உள்ளே வந்துவிட்டது. மேலும் 25 லிட்டர் ஊற்றினால் 29. நீர்-சிமெண்ட் விகிதம் 0.5-லிருந்து 0.58-க்குப் போய்விடும். நீர் கூடினால் வலிமை குறையும் என்ற விதியை டஃப் ஏப்ரம்ஸ் 1918-இல் சோதனைகளால் நிறுவிவிட்டார். நூறாண்டு கடந்தும் தளத்தில் வாளிக்கணக்குதான். ஈரமணல் உப்பி நிற்பது இன்னொரு பொறி: அதே அளவுப்பெட்டியில் அளந்தால் மணல் குறைவாகவே விழும், கலவை கரகரப்பாகும். உடனே 'இன்னும் கொஞ்சம் தண்ணி விடு' என்ற குரல் கேட்கும்.

ஆலையில் கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் வாங்கினாலும் இதே ஆபத்து உண்டு. லாரி வந்தவுடன் கலவையின் இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் கூம்பு வைத்துப் பாருங்கள்: 300 மி.மீ. உயரக் கூம்பில் மூன்று அடுக்காக நிரப்பி அடுக்குக்கு 25 குத்து, கூம்பைத் தூக்கினால் கலவை 75 முதல் 100 மி.மீ. வரை இறங்கலாம். அதற்குக் குறைவாக இறங்கினால் நீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேர்க்கச் சொல்லுங்கள். டிரம்முக்குள் ஹோஸ் வைத்து நீர் விட ஒப்புக்கொள்ளாதீர்கள். கன மீட்டருக்கு 5 லிட்டர் கூடினால் கலவை ஏறத்தாழ 25 மி.மீ. கூடுதலாக இறங்கும், வலிமையில் சதுர மி.மீ.-க்கு ஏறத்தாழ 1.5 நியூட்டன் போய்விடும். வலிமையைச் சோதிக்கும் கான்கிரீட் கட்டிகளான கியூப்களில் மூன்று கியூப் ஏழாம் நாளுக்கும் மூன்று கியூப் இருபத்தெட்டாம் நாளுக்கும் எடுத்துவைப்பது, பின்னால் யார் பக்கம் தவறு என்ற பேச்சு வராமல் காக்கும்.

ஊற்றும் வேலையில் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து கொட்டக் கூடாது. வைப்ரேட்டரை நேராக இறக்கி 10 முதல் 15 வினாடி, குமிழி வருவது நின்றதும் மெதுவாக மேலே. அதை வைத்துக் கலவையைப் பக்கவாட்டில் தள்ளக் கூடாது, கம்பியில் வைத்து ஆட்டக் கூடாது. தூணுக்கு 25 மி.மீ. ஊசி போதும். தூணின் அடியில் தேன்கூடு போல ஓட்டைகள் விழுவது பெரும்பாலும் ஷட்டரிங்கின் அடி இடைவெளி வழியாகப் பால் ஓடிவிடுவதால்தான். அந்த இடைவெளியை முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். தூணை மறுநாள் போடுவதானால் ஃபூட்டிங் மேலுள்ள சிமெண்ட் பாலாடையைச் சுரண்டி, ஜல்லி தெரியும்படி கொத்தி, நனைத்துவிட்டுப் போட வேண்டும்.

தூணின் தலை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதில் என் கருத்து உறுதியானது: வேண்டிய மட்டத்துக்கு 25 மி.மீ. குறைவாகவே நிறுத்துங்கள். தாழ்ந்த தூணில் எஃகுத் தகடுகளை அடுக்கி, கிரவுட் என்னும் சுருங்காத சிமெண்ட் கலவையை ஊற்றி மில்லிமீட்டர் சுத்தமாகச் சரிசெய்யலாம். உயர்ந்துவிட்ட தூணை போல்ட்டுகளுக்கு நடுவே உளிவைத்துச் செதுக்குவது போன்ற வெறுப்பான வேலை வேறில்லை. செதுக்கிய பரப்பும் சமமாக வராது. 15 தலைகளுக்குள் 6 மி.மீ.-க்கு மேல் ஏற்ற இறக்கம் இல்லாமல் முடிப்பது கிரவுட் வழியில்தான் நடைமுறையில் சாத்தியம். தரைக்கும் பெட்டிக்கும் நடுவே 450 மி.மீ.-ஆவது விடுங்கள். இரண்டு பெட்டிகளைப் பிணைக்கும் போல்ட்டை முறுக்கவும், குழாய் இணைப்பைப் பார்க்கவும் ஒருவர் ஊர்ந்து போக வேண்டும் அல்லவா?

சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட் என்றால் ஏழு நாள், சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் குறைந்தது பத்து நாள் சணல்சாக்கு போர்த்தி ஈரம் காயாமல் வைக்க வேண்டும். ஏழாம் நாளில் கிடைப்பது முழு வலிமையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. சாம்பல் கலந்ததில் அதற்கும் குறைவு. குழியைத் திரும்ப மூடும்போது தூணின் நான்கு பக்கமும் சமமாக 150 மி.மீ. அடுக்குகளாக மண் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மண்ணைத் தள்ளினால் தூண் நகர்ந்து, போல்ட்டுக்காகப் பட்ட பாடெல்லாம் வீணாகும். முடித்த தரை, வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று மீட்டருக்கு 150 மி.மீ. சரிவு.

கிரேன் எங்கே நிற்கும் என்பதையும் குழி தோண்டும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். அதன் தாங்குகால் ஒன்றில் மட்டும் பத்து டன்னுக்கு மேல் இறங்கலாம். அது நேற்று மூடிய குழியின் மேலோ விளிம்பிலோ ஊன்றினால் அமுங்கும். பெட்டி தொங்கும்போது அமுங்கினால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. குழியின் ஆழத்துக்குக் குறையாத தூரம் தள்ளி, கீழே அகலமான எஃகுத் தகடோ மரப்பலகையோ போட்டு ஊன்ற வேண்டும்.

வாங்குபவர்களும் விற்பவர்களும் ஓர் ஏற்பாட்டுக்கு வரலாம் என்பது என் கோரிக்கை. வீடு வரும் தேதியை முதலில் குறித்துவிட்டு, அதற்குள் அஸ்திவாரத்தை முடிக்க அவசரப்படுவதுதான் இப்போது நடக்கிறது. ஈரம் காயாமல் வைக்கும் கியூரிங் நாள் குறைவது, கிரவுட் இறுகாமலே எடை ஏறுவது எல்லாம் அந்த அவசரத்தில்தான். மாறாக, தூண்கள் முடிந்தபின் 15 தலைகளின் மட்டம், போல்ட்டுகளின் இடம், இரண்டு மூலைவிட்டங்கள், ஏழாம் நாள் கியூப் முடிவு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, அளந்தவர் கையெழுத்தோடு தொழிற்சாலைக்கு அனுப்பட்டும். அவர்கள் அதைத் தங்கள் வரைபடத்தோடு ஒப்பிட்டு எழுத்தில் சம்மதம் தந்தபிறகு லாரிக்குத் தேதி குறிக்கட்டும். ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு கட்டுமானப் பொறியாளர்